ஆடையா, ஆணையா?

ஆடையற்ற மனித உடலைப் படம் பிடிப்பது கலையா, கயமையா? இந்தக் கேள்வியை எவர்முன் வைத்தாலும் இரண்டே விடைகள் உடனே வந்து விழும். "ஆபாசம்! பண்பாடு பாழாகிறது!" என்று பதறுவர் ஒரு சாரார். "கலை! கலைக்குக் கட்டுப்பாடு ஏது?" என்று மார்தட்டுவர் மற்றொரு சாரார். பதறுவோரும் மார்தட்டுவோரும் பகைவர்போலத் தோன்றினாலும், ஒன்றில் இருவரும் உடன்பிறப்புகளே. படத்தில் நிற்பவளைப் பற்றி இருவருமே கேட்பதில்லை. அவள் யார்? நிற்கச் சொன்னவர் யார்? 'இப்படி நிற்க மாட்டேன்' என்று சொல்ல அவளுக்கு இடமிருந்ததா? நின்றதற்குக் கூலி என்ன? எடுத்த படம் எங்கே போயிற்று? இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, துணியின் நீளத்தை மட்டும் முழக்கோல் கொண்டு அளந்து தீர்ப்புச் சொல்வது திறனாய்வு ஆகாது. தையற்கடைக் கணக்கு ஆகும்.

தையற்கடைக் கணக்கை இழிவாகச் சொன்னோம் என்று எவரும் எண்ண வேண்டா. நாம் வாழும் திருப்பூருக்குச் சோறு போடுவதே அந்தக் கணக்குத்தான். 1920களில் சில பின்னல் பொறிகளோடு தொடங்கி, இன்று கடல் கடந்த நாட்டாரின் உடல்களுக்கும் பனியனும் உள்ளாடையும் தைத்தனுப்பும் ஊர் இது. இந்த ஊரின் காதர்பேட்டைக் கடைத்தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள். அடுக்கடுக்காய் அட்டைப்பெட்டிகள், ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு படம். ஆண் என்றால் மார்பை விரித்து, இடுப்பில் கை வைத்து, எதிரே வருபவனை அறைகூவி அழைப்பவன்போல் நிற்பான். பெண் என்றால் தலை சாய்த்து, இடை ஒடித்து, காண்பவனிடம் ஒப்புதல் கேட்பவள்போல் நிற்பாள். நூல் ஒன்றுதான், பின்னிய பொறி ஒன்றுதான், தைத்த ஊசியும் ஒன்றுதான். நிற்கும் முறை மட்டும் ஏன் வேறு? அந்த வேறுபாட்டைத் துணி செய்யவில்லை, தோழர்களே! படம் பிடித்தவர் இட்ட ஆணை செய்தது. பவர் டேபிளின் முன் நாளெல்லாம் குனிந்து அந்த உள்ளாடையைத் தைத்தவளின் மேனி கறுப்பு; பெட்டியின் மேல் சிரிப்பவளின் மேனியோ பெரும்பாலும் வெள்ளை. இதுவும் ஆணைதான். எந்த உடல் காட்டத்தக்கது, எந்த உடல் உழைக்கத்தக்கது என்று வாய் திறவாமலே இடப்படும் ஆணை.

ஆகவே, ஆடை எவ்வளவு என்பதைவிட ஆணை யாருடையது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

'அம்மணம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஆடை துறந்த அமண முனிவரைக் குறித்த சொல்லிலிருந்தே அது பிறந்தது என்பர் சொல்லாராய்வோர். நம் ஊருக்கு அண்மையில் விசயமங்கலத்தில் இன்றும் நிற்கும் பழைய சமணக் கோயில், அந்த நெறி கொங்கு மண்ணில் வேரூன்றியிருந்ததற்குச் சான்று. உடைமை அனைத்தையும் விட்டவர் உடையையும் விட்டார். அவருடைய துறவை நாம் ஏற்க வேண்டியதில்லை. வாழ்வை வெறுப்போர் கூட்டமல்ல நாம். ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஒரு காலத்தில் மன்னனும் வணங்கிய நிலையைக் குறித்த சொல், பின்னாளில் வாயால் சொல்லவும் கூசும் சொல்லாயிற்று. உடல் அன்றும் இன்றும் ஒன்றே. மாறியது பார்வை.

அந்தப் பார்வையைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தவர் நம்மிடையே இருந்தார். 1931 டிசம்பரில் மேல்நாட்டுப் பயணம் புறப்பட்ட பெரியார், 1932இல் ஜெர்மனியில் ஆடையின்றி வாழ்வதையே கொள்கையாகக் கொண்ட சங்கத்தாரைச் சென்று கண்டார். அவர்களோடு தாமும் ஆடையின்றி நின்று படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் இன்றும் காணக் கிடைக்கிறது. எதிரிகள் அதை எடுத்துக் காட்டி எள்ளி நகையாடுவர். நகைப்போருக்கு ஒரு சொல்: அது திருடி எடுத்த படமன்று, ஏய்த்து எடுத்த படமன்று, விலைக்கு விற்க எடுத்த படமுமன்று. தானே விரும்பி நின்ற ஒருவரின் படம். நின்றவர் அதற்காக நாணவுமில்லை, மறைக்கவுமில்லை.

இதன் மறுபுறத்தைப் பாருங்கள். தென் திருவிதாங்கூரிலே நாடார் பெண்கள் மார்பை மூடக் கூடாது என்று மேல்சாதியார் தடுத்தனர். மூடியவர் அடிபட்டனர், அவர்களுடைய ஆடை கிழிபட்டது. பல பத்தாண்டுகள் போராடிய பிறகே, 1859இல் அரசாணை வழியே மேலாடை உரிமை கிடைத்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்டிர் உடுத்தும் பாங்கில் உடுத்தக் கூடாது என்ற முள்ளோடுதான் கிடைத்தது! அன்று 'மூடாதே' என்றது எந்த வாயோ, அதே வாய்தான் இன்று 'மூடு' என்கிறது. இரண்டும் ஒழுக்கத்தின் குரலல்ல, உடைமைக்காரனின் குரல்.

'அறிவியலுக்காக' என்று சொன்னால் குற்றம் தீர்ந்துவிடுமா? அதுவும் இல்லை. டார்வினின் கொள்கையை அஞ்சாது பரப்பிய அறிஞர் தாமஸ் ஹக்ஸ்லி. பகுத்தறிவாளர் போற்றும் பெயர். கடவுள் பற்றி அறிய இயலாது என்போரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை 1869இல் ஆக்கித் தந்தவரும் அவரே. அதே 1869இல் அவர் வேறொன்றும் செய்தார். பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட நாடுகளின் மக்களை ஆடையின்றி நிறுத்தி, அருகே அளவுகோல் நாட்டி, முன்புறம் ஒன்று பக்கவாட்டில் ஒன்று எனப் படம் பிடிக்க வேண்டும் என்று விதிமுறை வகுத்துக் கொடுத்தார். எப்படி நிற்பது, கையை எங்கே வைப்பது என்பதெல்லாம் அந்த விதியில் அடக்கம். விளைவு என்ன? தன் விருப்பப்படி நடமாடும் மக்களிடம் அந்த விதி எளிதில் செல்லவில்லை. சிறைக் கம்பிக்குள் அடைபட்டவரிடம் செல்லுபடியாயிற்று. மறுக்க முடியாதவரே நின்றனர்! அறிஞர் சொன்னார் என்பதற்காக நாம் இதை மன்னிக்கப் போவதில்லை. யார் சொன்னாலும் ஆராய்ந்து பார் என்பதல்லவா நமக்குக் கற்பிக்கப்பட்ட பாடம்?

இனி, கலையின் பக்கம் திரும்புவோம். நிற்பவரை நெறிப்படுத்துவது எல்லாமே கொடுமை என்று முடிவு கட்டுவது அறிவுடைமை ஆகாது. நாடகத்தில் இயக்குநர் உண்டு; இசையரங்கில் தாளம் போடுவோர் உண்டு; படக்கலையிலும் நெறிப்படுத்துவோர் வேண்டும். அந்த வேலையின் நுட்பம் அறியாமல் அதைப் பழிப்பதோ புகழ்வதோ பயனற்றது.

ஓவியப் பள்ளியிலே மாதிரியாக நிற்பவர் மேடையேறி நிற்பார். உடலின் எடையை ஒரு காலில் இறக்கினால் இடுப்பு ஒருபுறம் ஏறும். தோள் எதிர்ப்புறம் சாயும். முதுகெலும்பு மெல்ல வளையும். அந்த வளைவுதான் சிலைக்கு உயிர் தருவது. இருபது, இருபத்தைந்து நிமிடம் அசையாமல் நிற்பது விளையாட்டன்று. கால் மரத்துப்போகும், தோள் கனக்கும். ஆகவே பாதம் பட்ட இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துவிட்டு, இடையிடையே ஓய்வு கொடுப்பர். ஓய்வு வந்ததும் அவர் போர்வையை எடுத்துப் போர்த்திக்கொள்வார். மேடையில் நிற்கும் வரை அவர் பணியாளர்; இறங்கியதும் நம்மைப்போல் ஒருவர். அந்தப் போர்வை சொல்லும் செய்தி அது.

படக்கருவியின் முன்னேயோ வேலை வேறு. சாளரத்தின் ஒளி பக்கவாட்டில் விழுந்தால் விலா எலும்பும் தசை மேடும் துலங்கும். நேரே முகத்தில் அடித்தால் உடல் தட்டையாகிவிடும். மிக அருகே வைத்து அகன்ற பார்வையுள்ள கண்ணாடியால் எடுத்தால் முன்னே நீட்டிய கை மலைபோல் பெருத்துத் தோன்றும். பில் பிராண்ட் என்ற ஆங்கிலக் கலைஞர் அந்தக் கோணலையே கலையாக்கி 1961இல் ஒரு நூல் வெளியிட்டார். உள்ளாடையின் எலாஸ்டிக் பட்டை தோலில் பதித்த தடம் மறையச் சிறிது நேரம் பிடிக்கும். ஆதலால் படம் பிடிக்கும் நாளில் தளர்ந்த உடையோடு வருமாறு சொல்லிவிடுவர். நம் ஊர் எலாஸ்டிக்கின் வலிமை அங்கே தெரியும்! தேர்ந்த நெறியாளர் நிற்பவரின் உடலைத் தொட்டுத் திருப்பமாட்டார். தாமே அப்படி நின்று காட்டுவார். 'கையை இங்கே வை, முகத்தை அங்கே திருப்பு' என்று பொம்மையை ஆட்டுவதுபோல் ஆட்டமாட்டார். 'சாளரத்தைத் திறந்து வெளியே பாருங்கள்' என்று ஒரு செயலைச் சொல்வார். செயலில் ஈடுபட்ட உடல் தன்னை மறந்து இயல்பாகும். ஆணையிட்டு வளைத்த உடலோ விறைத்து நிற்கும். அந்த விறைப்பு படத்திலே தெரியும். மனிதப் பண்பு குறைந்த இடத்தில் கலையும் குறைந்துவிடுகிறது என்பது வெறும் அறவுரையன்று. படத்தைப் பார்த்தே கண்டறியக்கூடிய உண்மை.

எட்வர்ட் வெஸ்டன் என்ற அமெரிக்கர் 1936இல் எடுத்த ஒரு படம் உலகப் புகழ் பெற்றது. வாயிற்படியில் வெயில் விழ, கால்களை மடக்கி, தலையை முழங்காலில் கவிழ்த்து அமர்ந்திருக்கிறார் ஒரு பெண். முகம் தெரியாது, காட்டிக் கவரும் நோக்கம் சிறிதும் தெரியாது. அமர்ந்தவர் சாரிஸ் வில்சன், எழுத்தாளர், பின்னர் வெஸ்டனின் மனைவியானவர். அந்தப் படத்தில் கையின் மேல் விழுந்த நிழல் வெஸ்டனுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. சாரிசுக்கோ தம் வகிடு கோணலாக இருந்ததும், கூந்தலில் ஊசிகள் தெரிந்ததும் பிடிக்கவில்லை! எடுத்தவருக்கு ஒரு குறை. இருந்தவருக்கு ஒரு குறை. இருந்தவருக்கும் கருத்து உண்டு, அதைச் சொல்ல வாயும் உண்டு, எழுதப் பேனாவும் உண்டு என்பதே நமக்கு முதன்மை. பல ஆண்டு கழித்து, 1998இல் தம் வாழ்வைத் தாமே நூலாக எழுதினார் அவர். உலகில் ஆடையின்றிப் படமான எத்தனை பெண்களுக்கு அந்தப் பேனா வாய்த்தது?

1915இல் இமோஜன் கன்னிங்காம் என்ற பெண் கலைஞர், மலைச்சாரலில் தம் கணவரை ஆடையின்றி நிறுத்திப் படமெடுத்தார். எழுந்தது கூச்சல்! ஆண் எடுக்கப் பெண் நிற்பது கலை. பெண் எடுக்க ஆண் நின்றால் மானக்கேடு! கூச்சலிட்டவர் காக்க எண்ணியது ஒழுக்கத்தையா, ஆணின் தனியுரிமையையா? ஆங்கிலத் திறனாய்வாளர் கென்னத் கிளார்க் 1956இல் எழுதிய நூலில், ஆடை இழந்து கூசி நிற்பது வேறு, கலையாக உருப்பெற்ற திறந்த மேனி வேறு என்று பிரித்துக் காட்டினார். 1972இல் ஜான் பெர்ஜர் அதைத் திருப்பிப் போட்டார். கலை என்று நீங்கள் அழைப்பதில் பெண் தானாக இருப்பதில்லை. பார்ப்பவனுக்காகவே வைக்கப்பட்டிருக்கிறாள் என்றார். காதர்பேட்டைப் பெட்டியின் படம் பெர்ஜர் பக்கமே சான்று சொல்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். 1995இல் ஒரு காலணி விளம்பரம். மிலிந்த் சோமனும் மது சாப்ரேயும் மலைப்பாம்பொன்றை உடலில் சுற்றி, காலில் காலணி தவிர வேறெதுவும் இன்றி நின்றனர். எடுத்தவர் பிரபுத்த தாஸ்குப்தா. வழக்குப் பதிவாயிற்று. 14 ஆண்டுகள் இழுத்து, 2009இல் அனைவரும் விடுதலை ஆயினர். வழக்குத் தொடுத்தோர் ஆடையைத் தேடினர். நாம் அந்தப் படத்தில் காணும் குறை வேறு. ஆணும் பெண்ணும் நிகராக நிற்கின்றனர், அது நன்று. ஆனால் இரண்டு மனித உடல்கள் எதற்காக நிற்கின்றன? ஒரு சோடிச் செருப்புக்காக! உடலுக்குச் செருப்பு என்பது போய்ச் செருப்புக்கு உடல் என்றாகிவிட்டது. அதே கலைஞர் 1996இல் 'பெண்கள்' என்னும் பொருள்பட வெளியிட்ட தொகுப்பில் விற்பனைச் சரக்கு ஏதும் இல்லை. அதனாலேயே அந்தப் பக்கங்களில் மனிதர் தெரிகின்றனர். எனினும் அங்கே நின்றோர் நகரத்துப் பெண்டிர். 'மாட்டேன்' என்று சொல்லும் வலிமை வாய்த்தோர்.

அந்த வலிமை இல்லாதவள் கதை எங்கே? மும்பையில் 1857இல் தொடங்கிய ஜே. ஜே. கலைப்பள்ளியின் மேடையில் நின்று குடும்பம் காத்த பெண்களுள், பிழைப்புத் தேடிச் சென்ற தமிழ்க் குடும்பத்தவரும் உண்டு. அப்படிப்பட்ட பெண் ஒருத்தியின் வாழ்வை மராத்தியில் படமாக்கினார் இயக்குநர் ரவி ஜாதவ். படத்தின் பெயர் 'நியூட்'. 2017இல் கோவா திரைவிழாவுக்கு நடுவர்கள் தேர்ந்தெடுத்த அந்தப் படத்தை ஒன்றிய அமைச்சகம் பட்டியலிலிருந்து நீக்கியது. நடுவர் குழுத் தலைவர் சுஜோய் கோஷ் பதவி விலகினார். 2018இல்தான் படம் அரங்குக்கு வந்தது. கூலிக்காக மேடையேறியவள் அஞ்சியது மாணவர் கண்களையல்ல; அக்கம்பக்கத்தார் நாக்கை, தான் பெற்ற பிள்ளையின் கேள்வியை! வறுமை அவளை மேடைக்கு அனுப்பியது. ஊர் அவளுக்கு நாணத்தை அனுப்பி வைத்தது. படத்தைத் தடுத்தவர் வறுமையைத் தடுக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1868இல் இங்கிலாந்து நீதிமன்றம் வகுத்த அளவுகோல் ஒன்று: கெடக்கூடிய மனத்தைக் கெடுக்குமானால் அது ஆபாசம். அதாவது, ஊரிலேயே பலவீனமான மனம் எதுவோ, அதுவே நாட்டுக்கு நீதிபதி! 1964இல் நம் உச்சநீதிமன்றம் அதையே ஏற்றது. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும் அவர் மணக்கவிருந்த கறுப்பினப் பெண்ணும் ஆடையின்றி நின்ற படத்தை வெளியிட்ட கொல்கத்தா ஏடுகள் மீது 1993இல் எழுந்த வழக்கு, 2014இல் முடிந்தது. படமெடுத்தவர் அந்தப் பெண்ணின் தந்தையே. நிறவெறிக்கு எதிராக நின்ற படம் அது. அன்றுதான் அந்த 1868 அளவுகோலை உச்சநீதிமன்றம் ஒடித்துப் போட்டது. ஆடையின்மை மட்டுமே ஆபாசம் ஆகாது. படம் முழுவதையும் அதன் நோக்கத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது.

விந்தை ஒன்று சொல்வோம். ஆபாசத்தைத் தண்டிக்கும் இந்தியத் தண்டனைச் சட்டம் 292ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 294 ஆகியிருக்கிறது. அதிலே ஒரு விலக்கு: கோயிலில் செதுக்கியதற்கும், சாமி ஏறும் தேரில் செதுக்கியதற்கும் அந்தச் சட்டம் பொருந்தாது! கல்லில் இருந்தால் கன்னத்தில் போட்டுக்கொள். காகிதத்தில் இருந்தால் கைது செய். சிலைகளை உடைக்கச் சொல்லவில்லை நாம். அவை அந்தக் காலச் சிற்பியின் திறமைக்குச் சான்று. கண் ஒன்றாயிருக்கத் தீர்ப்பு இரண்டாவது ஏன் என்றே கேட்கிறோம். சென்னைக் கடற்கரையில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலையைப் பாருங்கள். கோவணம் மட்டும் உடுத்த நான்கு பேர் பாறையை நெம்புகின்றனர். 1959 முதல் நிற்கிறது. கண்டு கெட்டவர் எவருமில்லை. அங்கே உடல் உழைக்கிறது. தன் வலிமையில் நிற்கிறது.

சட்டத்தில் பயனுள்ள பகுதியும் உண்டு. அதை இளைஞர் மனத்தில் பதிக்க வேண்டும். 2013இல் சேர்த்த 354சி பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 77: தனிமையிலிருக்கும் பெண்ணை அவளறியாமல் பார்ப்பதும் படமெடுப்பதும் குற்றம். படமெடுக்க அவள் இசைந்திருந்தாலும், பிறருக்குக் காட்ட இசையாதபோது காட்டினால் அதுவும் குற்றம். எடுக்க ஒரு சம்மதம். பரப்ப வேறொரு சம்மதம். ஓவியம் சாயலைத்தான் தரும். ஒளிப்படமோ அவளையே தரும், அதுவும் எண்ணற்ற படிகளாக. ஆகவே இந்த இரண்டாம் சம்மதம்தான் உயிர்நாடி.

அதை மதியாதபோது என்ன நேரும் என்பதை நமக்கு அண்டை ஊரான பொள்ளாச்சி 2019இல் காட்டியது. பெண்களை ஏமாற்றி அழைத்து, வன்கொடுமை செய்து, அதைப் படமெடுத்து மிரட்டிய கூட்டம் அம்பலமாயிற்று. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை சிறை விதித்தது. அந்தக் கயவரின் கையிலிருந்த கருவி, கைபேசி மட்டுமன்று. 'வெளியே தெரிந்தால் மானம் போய்விடும்' என்று நாம் தலைமுறை தலைமுறையாகப் பெண்ணுக்கு ஊட்டிய அச்சமே அவர்களின் பெரிய ஆயுதம். ஆபாசம் என்று அலறும் பண்பாட்டுக் காவலரே, அந்த ஆயுதத்தைத் தீட்டிக் கொடுத்தவர் நீங்கள்! உடல் வெளிப்பட்டால் மானம் போகும் என்ற மூடநம்பிக்கை இல்லாதிருந்தால், முதற்பெண்ணே காவல் நிலையம் சென்றிருப்பாள்.

பள்ளியில் பாடம் சொல்லும் நாம், வளர்ந்து வரும் மாணவருக்குச் சொல்லக் கடமைப்பட்டது இது. ஆடையின்றி நிற்பது ஒருவரின் உரிமை. நிற்க மறுப்பதும் அதே உரிமை. பதினெட்டு வயது நிரம்பாதவர் அந்தப் படக்கருவியின் முன் நிற்கவே கூடாது. அதில் கலை, அறிவியல் என்ற எந்தச் சாக்கும் செல்லாது. நிற்பவருக்கு என்ன எடுக்கப் போகிறோம், எங்கே வெளியாகும் என்பதை எழுத்தில் முன்பே சொல்ல வேண்டும். உரிய கூலி வேண்டும். துணைக்கு ஒருவரை அழைத்து வர இடம் வேண்டும். 'போதும்' என்ற சொல் வந்ததும் நிறுத்த வேண்டும். இவை கேட்பதற்குப் புதியவை அல்ல. வேலை நேரம், ஓய்வு, கூலி, பாதுகாப்பு, மறுக்கும் உரிமை என்று பனியன் தொழிலாளர் நெடுங்காலமாகக் கேட்டு வருபவைதானே இவை!

தோழர்களே, ஒரு படம் உங்கள் கைக்கு வந்தால், அதில் ஆடை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் சம்மதம் இருக்கிறதா என்று கேளுங்கள். திருடிய படமானால் உங்கள் கையோடு அது நிற்கட்டும், அடுத்தவருக்கு அனுப்பாதீர். அனுப்புகிறவன் பார்வையாளன் அல்லன், கொடுமையின் கூட்டாளி. விரும்பி நின்றவரின் படமானால், பழிக்காமல் பாருங்கள். பிடிக்கவில்லையெனில் பக்கத்தைப் புரட்டுங்கள். அந்தப் படத்தில் நின்றவரைத் தெருவில் காண நேர்ந்தால் வணக்கம் சொல்லுங்கள். உழைத்துக் களைத்தவருக்கு நாம் சொல்லும் அதே வணக்கம்.